மனம் அமைச்சர், ஆன்மா அரசன்

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்று நம் முன்னோர் ஓயாது கூறி வந்தனர். அப்பிறவியில் இறைவன் உயிருக்குத் துணையாகத் தந்த கருவிகளுள் மிகச் சிறந்தது மனம். மிகவும் தொல்லை தருவதும் அதுவே. கைகால்கள் ஓய்ந்த பின்பும் மனம் ஓய்வதில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, சமையலை முடித்து, பாயை விரித்துப் படுத்த பிறகுதான் பலருக்கு மனத்தின் வேலை ஆரம்பமாகின்றது. "நீ எதற்கும் உதவாதவள்", "இந்தக் கடன் உன்னை விழுங்கிவிடும்", "கொழும்புக்குப் போன பிள்ளை என்ன ஆனானோ", "அன்றைக்கு அவர் எல்லோர் முன்னிலையிலும் அப்படிச் சொன்னாரே" என்று எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. இரவு முழுவதும் உடல் பாயில் கிடந்திருக்கும். உறக்கம் மட்டும் வந்திராது.

ஆலயத்துக்கு வரும் அடியார்கள் அம்பாளிடம் பலவற்றை வேண்டுகின்றனர். பிள்ளைக்குப் பரீட்சையில் நல்ல பெறுபேறு, மகளுக்கு நல்ல இடம், வீட்டாரின் நோய் நீங்குதல் எனப் பட்டியல் நீளும். ஆயினும், சந்நிதியில் கண்மூடி நிற்கும் பலருடைய உள்ளத்தின் அடியில் இருக்கும் வேண்டுதல் ஒன்றே. "தாயே, மனத்துக்கு நிம்மதியைக் கொடு" என்பதே அது. அந்த நிம்மதிக்குச் சைவ சமயம் காட்டும் வழி யாது, இன்றைய மனநல மருத்துவம் கூறுவது யாது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பவற்றைச் சிந்திப்பது திருவிழாக் காலத்துக்கு மிகவும் பொருத்தமானதாகும்.

மனம் வேறு, ஆன்மா வேறு

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களைக் கொண்ட சிறிய நூல். சைவ சித்தாந்தத்தின் தலையாய நூலாக அது போற்றப்படுகின்றது. அதன் நான்காம் சூத்திரம் ஓர் அரிய உண்மையை எடுத்துரைக்கின்றது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள் எனப்படும். ஆன்மா இந்த நான்கினுள் ஒன்றன்று. அமைச்சர்களோடு கூடியிருந்து ஆளும் அரசனைப் போல ஆன்மா இவற்றோடு கூடி நின்று தொழிற்படுகின்றது.

இந்த உவமையை எளிமையாக விரித்துப் பார்க்கலாம். அரசன் தனியாக நாட்டை ஆள முடியாது. அமைச்சர்கள் செய்தி கொண்டு வருவர். ஆலோசனை கூறுவர். ஆபத்து வருமுன் எச்சரிப்பர். அவர்கள் இன்றி நாட்டின் நிலை அரசனுக்குத் தெரியாது. ஆனால் அமைச்சர் கூறுவது ஆலோசனை மாத்திரமே. அதை ஏற்பதும் தள்ளுவதும் அரசனின் பொறுப்பு. அரசன் தன் அரியணையை மறந்து, அமைச்சரின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினால் அந்நாட்டின் கதி என்னாகும்? "நீ தோற்றுவிட்டாய்" என்று மனம் சொன்னதும் சோர்ந்து விழுவதும், "அவனைச் சும்மா விடாதே" என்றதும் கத்தியைத் தேடுவதும், "இனி வாழ்ந்து பயனில்லை" என்றதும் அதை அப்படியே நம்பிவிடுவதும் அத்தகைய அரசனின் நிலையே ஆகும்.

அரசன் ஏன் தன்னை மறக்கின்றான்? ஆணவ மலம் மறைப்பதால் ஆன்மா தன்னை அறியாமல், தான் சார்ந்ததன் வண்ணமாகி நிற்கின்றது என்று சித்தாந்தம் விடை கூறும். இதற்குப் படிகம் உவமையாகச் சொல்லப்படும். படிகக் கல்லின் அருகே செவ்வரத்தம் பூவை வைத்தால் கல் சிவந்து தோன்றும். உண்மையில் கல் சிவந்துவிடவில்லை. பூவை அகற்றினால் அதன் தெளிவு முன்போலவே இருக்கும். அதுபோலவே துயர எண்ணத்தை நெடுநேரம் சார்ந்திருப்பவர், "நானே துயரம், என் வாழ்வே இருள்" என்று கருதத் தலைப்படுகின்றார்.

நம் தாய்மொழியே இவ்வுண்மையைத் தினமும் கற்பிக்கின்றது. "எனக்குக் கோபம் வந்தது", "எனக்குப் பயம் வந்தது", "கவலை வந்துவிட்டது" என்றே தமிழர் பேசுகின்றனர். கோபம் வருகின்றது, இருக்கின்றது, போகின்றது. வீட்டுக்கு வரும் விருந்தாளி வேறு, வீட்டுக்கு உரியவர் வேறு. வந்த விருந்தாளியிடம் வீட்டின் சாவியை ஒப்படைப்பார் உண்டோ?

விரட்டினால் விலகாது

துன்பம் தரும் எண்ணம் வந்தால் அதை உடனே விரட்டிவிட வேண்டும் என்றே பலரும் நினைக்கின்றனர். இங்கேதான் பெரிய தவறு நிகழ்கின்றது. குரங்கை நினைத்து மருந்து குடிக்காதே என்று சொன்ன வைத்தியரின் கதையை அறியாதவர் இல்லை. அந்த நோயாளி அதுவரை குரங்கை நினைத்தவரே அல்லர். வைத்தியர் தடுத்த பிறகோ மருந்துக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் குரங்கே முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் பாட்டிமார் அறிந்திருந்த இந்த உண்மையை 1987ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு சோதனையால் காட்டினர். மாணவர்களிடம் ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லி, நினைவு வந்தால் மணியை அடிக்கச் சொன்னார்கள். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. அதன்பின், இனி தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கே கரடியின் நினைவு அதிகமாக வந்தது. அடக்கி வைத்த எண்ணம் அடங்கிப் போவதில்லை என்பது இதனால் விளங்கும்.

எண்ணத்தைச் சாராயத்தில் அமிழ்த்திவிட முயல்பவர்களும் உள்ளனர். போதையில் மயங்குவது எண்ணமன்று, அரசனே மயங்கிப் போகின்றான். மறுநாள் காலையில் அதே கவலை வாசலில் நிற்கும். அதனோடு தலைவலியும், வெறுமையான சம்பளப் பையும், அழுது வீங்கிய மனைவியின் முகமும் சேர்ந்து நிற்கும்.

மனத்தை அடக்குதல் காற்றைப் பிடித்து நிறுத்துவது போல அரிது என்று பகவத்கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் முறையிடுகின்றான். கண்ணபிரான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அது அரிதுதான் என்று முதலில் ஒப்புக்கொள்கின்றார். பின்னரே, இடைவிடாத பழக்கத்தாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்கின்றார். முதலாம் அத்தியாயத்தில் உடல் நடுங்கி, வாய் உலர்ந்து, காண்டீபம் கை நழுவ நின்றவனும் இதே அர்ச்சுனனே. மாவீரனுக்கே வந்த மனச்சோர்வு சாதாரண மனிதருக்கு வருவதில் வெட்கம் எதுவும் இல்லை.

மதுரையில் ஓர் இளைஞர்

விரட்டாமலும் பின்தொடராமலும் எண்ணத்தை எதிர்கொள்வது எவ்வாறு என்பதற்குப் பகவான் ரமண மகரிஷியின் இளமைக்காலம் சிறந்த சான்றாகும். 1896ஆம் ஆண்டு, வேங்கடராமன் என்ற பெயரோடு மதுரையில் சிற்றப்பாவின் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வயது 16. உடம்பில் நோய் எதுவும் இல்லை. ஒருநாள் மாடி அறையில் தனியே இருந்தபோது, "சாகப் போகிறேன்" என்ற பேரச்சம் திடீரென அவரைப் பற்றியது.

அவர் அந்த அச்சத்தை விட்டு ஓடவில்லை. அதனுடன் சண்டையிடவும் இல்லை. இறந்தவரைப் போலக் கைகால்களை நீட்டிப் படுத்தார். வாயை மூடிக்கொண்டார். இறப்பது எது என்று உள்ளே நோக்கினார். உடம்பு அசைவற்றுக் கிடந்தது. அச்சமும் இருந்தது. இவை இரண்டையும் அறிந்துகொண்டிருந்த "நான்" என்ற உணர்வு இவற்றால் தீண்டப்படாமல் விளங்குவதை அவர் கண்டார். மரணபயம் அன்றோடு அவரை விட்டு நீங்கியது. சில வாரங்களின் பின், 1896 செப்டெம்பர் 1ஆம் திகதி அவர் திருவண்ணாமலையை அடைந்தார்.

அங்கே 1901, 1902ஆம் ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட வினாக்களுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே பிற்காலத்தில் "நான் யார்?" என்ற சிறுநூலாக மலர்ந்தன. ஓர் எண்ணம் எழுந்தால் அதை வளர்த்து முடிக்க முயலாமல், அது யாருக்கு எழுந்தது என்று உசாவ வேண்டும் என்பது அவர் காட்டிய வழியின் சாரம். "எனக்கு" என்ற விடை வரும்போதே கவனம் எண்ணத்திலிருந்து எண்ணத்தை உடையவரிடம் திரும்பிவிடுகின்றது. அமைச்சரின் பேச்சில் மயங்கியிருந்த அரசன் தன் அரியணையை நினைத்துப் பார்க்கும் கணம் அதுவே.

மகரிஷிக்கு ஒரு பொழுதில் வாய்த்த தெளிவு எல்லோருக்கும் அவ்வாறே வாய்த்துவிடாது. ஆயினும் அவர் காட்டிய திசையில் ஓரடி எடுத்து வைப்பது எவர்க்கும் இயலும்.

மருத்துவர்கள் கண்டது

1960களில் அமெரிக்க மனநல வைத்தியர் ஆரோன் பெக், மனச்சோர்வால் வாடியவர்களிடம் ஒரு பொதுத்தன்மையைக் கண்டார். அவர்கள் மனத்தில் தம்மைப் பற்றியும், உலகைப் பற்றியும், வருங்காலத்தைப் பற்றியும் கசப்பான எண்ணங்கள் தாமாகவே மின்னல் போலத் தோன்றி மறைந்தன. அவர்களோ அவற்றைச் சோதித்துப் பாராமல் உண்மையென்று ஏற்றுக்கொண்டனர். அந்த எண்ணங்களைத் தாளில் எழுதி, "இதற்குச் சான்று என்ன, வேறு விதமாகவும் இருக்கலாமா" என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவர் கற்பித்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் உளச் சிகிச்சையின் பெரும்பகுதி அவ்வழியில் வந்ததாகும்.

பின்னர் ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற உளவியலாளர் இன்னோர் எளிய பயிற்சியைச் சேர்த்தார். "நான் உதவாதவன்" என்று மனம் சொன்னால் அதனோடு வாதாடத் தேவையில்லை. "'நான் உதவாதவன்' என்ற எண்ணம் எனக்கு வந்திருக்கிறது" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சொற்கள் சிலவே கூடுகின்றன. ஆனால் எண்ணத்துக்கும் அதை அறிபவருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி பிறந்துவிடுகின்றது. 1979ஆம் ஆண்டு முதல் ஜோன் கபாட் சின் என்பவர் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நோயாளர்களுக்குக் கற்பித்த கவனப் பயிற்சியும் பௌத்த தியானத்திலிருந்து எடுக்கப்பட்டதே. போயா தினங்களில் சில் அனுட்டித்து மூச்சைக் கவனித்திருக்கும் அயலவர்கள் நம் ஊர்களில் உள்ளனர். மருத்துவர்கள் நெடுநாள் ஆராய்ந்து கண்டது இவ்விரு சமயங்களுக்கும் புதியதன்று என்பது மகிழ்ச்சிக்குரியதாகும்.

மூடுபனியில் ஒரு சாரதி

கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மீமுரேக்கான பாதை பிரியும் இடம் ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலையிலிருந்து மூடுபனி இறங்கினால் எதிரே வரும் பஸ்ஸே தெரிவதில்லை. உடுதும்பரவைத் தாண்டி ஹஸலகவை நோக்கி இறங்கும் 18 வளைவுகளை அறிந்த சாரதி அப்போது என்ன செய்கின்றார்? பனியை அடித்து விரட்ட அவர் இறங்கி ஓடுவதில்லை. பாதையே இல்லாமல் போய்விட்டது என்று அழுவதும் இல்லை. வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, ஹோனை அடித்து, கண்ணுக்குத் தெரியும் அந்தச் சில அடிகளை மாத்திரம் பார்த்து ஓட்டுகின்றார். பனி தன் நேரத்துக்குக் கலைந்து போகின்றது. மலை இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

துன்ப எண்ணம் சூழும்போது செய்ய வேண்டியதும் இதுவே. முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பெரிய முடிவையும் எடுக்கலாகாது. சண்டைக்குப் போகலாகாது. தொலைபேசியில் கோபமாகச் செய்தி அனுப்பலாகாது. 

அடுத்து விளக்கைப் போட வேண்டும். வந்திருப்பது யார் என்று பெயர் சொல்லி அடையாளம் காண்பதே அந்த விளக்கு. "கடன் அமைச்சர் வந்துவிட்டார்", "பழைய அவமானத்தைச் சொல்லும் அமைச்சர் இன்றும் வந்துவிட்டார்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளலாம். சிறிது சிரிப்பும் வரும். சிரிக்கக் கூடியவர் அந்த எண்ணத்தில் முழுவதுமாக மூழ்கியிருக்கவில்லை என்பது அதனால் தெரியும்.

மூன்றாவதாக, தெரியும் சில அடிகளைப் பார்த்து நடக்க வேண்டும். திருவைந்தெழுத்தையோ, முருகன் நாமத்தையோ, அம்பாள் நாமத்தையோ மூச்சோடு சேர்த்து மெதுவாக உச்சரிக்கலாம். மாலை உருட்டும்போது மனம் நடுவே வேறெங்கோ போய்விடும். அதற்காக வருந்தத் தேவையில்லை. போனதை அறிந்து திரும்பி வருவதே ஜபத்தின் பயன். 108 முறை சொல்லும்போது 50 முறை மனம் ஓடினால், 50 முறை திரும்பி வரும் பயிற்சி கிடைத்துவிட்டது. அதன்பின் கைக்கெட்டிய சிறு வேலை ஒன்றைச் செய்யலாம். தண்ணீர் எடுத்தல், வீட்டுத்தோட்டத்தில் புல் பிடுங்கல், பிள்ளைக்குத் தலைவாரி விடுதல் என எதுவாயினும் நன்று.

வெள்ளம் வந்த பின் அணை கட்ட முடியாது. ஆகையால் மாலையில் விளக்கேற்றியதும் பத்து நிமிடங்களாவது கண்மூடி அமர்ந்து, எண்ணங்கள் வருவதையும் போவதையும் பார்த்துப் பழக வேண்டும். ஆலயத்துக்கு வரும்போது பலிபீடத்தின் முன் ஒரு கணம் நின்று, அன்று மனத்தை அழுத்தும் எண்ணம் எது என்று அடையாளம் கண்டு, அதை அங்கே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லலாம். பலிபீடத்தின் தத்துவமும் அதுவே. வெளியே வரும்போது அந்த எண்ணம் செருப்போடு சேர்ந்து காத்திருக்கவும் கூடும். ஆயினும் சந்நிதியில் நின்ற அந்தக் கால்மணி நேரம் அது இன்றியும் இருக்க முடிந்ததல்லவா? அந்த அனுபவமே பெரும் பேறு.

எல்லா எண்ணமும் பகையன்று

விலகி நின்று பார்த்தல் என்றால் எதையும் பொருட்படுத்தாமல் இருத்தல் என்று கொள்ளலாகாது. அமைச்சர்களுள் நல்லவரும் உண்டு. 2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைப் பெரிதும் வருத்தின. அதன்பின் கூரையில் மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் நிலை மலைநாட்டில் பலருக்கும் ஏற்பட்டது. "மழை வலுக்கிறது, கவனமாக இரு" என்று மனம் கூறினால் அது நல்ல அமைச்சரின் சொல். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேட்டறிந்து, வேண்டுமாயின் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். வானம் வெளுத்த நாளிலும் "மலை விழப் போகிறது" என்று அதே குரல் உறக்கத்தைக் கெடுத்தால், "நீ சொன்னதைக் கேட்டுவிட்டேன், இன்று மழை இல்லை" என்று விடை கொடுத்து அனுப்பலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. நல்ல அமைச்சர் செய்ய வேண்டிய வேலையைச் சொல்வார். "இம்மாதத் தவணையைக் கட்ட வேண்டும்", "அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்பன அத்தகையவை. தீய அமைச்சர் வேலை எதையும் சொல்லமாட்டார். "உன் வாழ்வு முடிந்தது", "நீ கெட்டவன்", "உன்னை யாருக்கும் பிடிக்காது" என்று தீர்ப்பு மாத்திரம் வழங்குவார். தவறு செய்ததை உணர்ந்து திருந்துதல் அறம். தவறு செய்துவிட்டதால் தானே தவறு என்று எண்ணிக் குமைவது அறமன்று.

இவ்வகைத் தீர்ப்புகளுள் சில தலைமுறை தலைமுறையாகவும் வருகின்றன. கோப்பிக் காலத்தில் கால்நடையாக இம்மலைகளை அடைந்த மக்களின் வரலாறு 2023ஆம் ஆண்டில் 200 ஆண்டுகளாக நினைவுகூரப்பட்டது. அந்நெடுங்காலத்தில் பிறர் சொன்ன இழிசொற்கள் சில, கேட்டவர்களின் சொந்த எண்ணங்களாகவே மாறிவிட்டன. "தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான்" என்பது அவற்றுள் ஒன்று. சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிய பிள்ளையின் காதில் அக்குரல் ஒலிக்கும்போது, அது உண்மையன்று, வெறும் பழைய குரல் என்று பெற்றோரும் ஆசிரியரும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அடி விழுகின்றது, உரிய கூலி மறுக்கப்படுகின்றது, பிள்ளைக்கு எவரோ தீங்கு செய்கின்றனர் என்றால், அவை வெறும் எண்ணங்கள் அல்ல, நிகழ்வுகள். அவற்றைப் பொறுத்துக்கொண்டு தியானம் செய்யும்படி எந்தச் சமயமும் கூறவில்லை. அங்கே அரசன் எழுந்து நின்று செயற்பட வேண்டும். உதவக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டும்.

உயிர் காக்கும் இடைவெளி

15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர், தம் வாழ்வின் மீது வெறுப்புற்றுத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து வீழ்ந்தார் என்றும், முருகப்பெருமான் அவரைத் தம் கரங்களில் தாங்கிக்கொண்டார் என்றும் மரபு கூறும். தாங்கிய இறைவன் அவருக்குச் செய்த உபதேசம், பேச்சற்றுச் சும்மா இருக்க வேண்டும் என்பதே. தாம் ஒன்றுக்கும் உதவாதவர் என்று அந்த நாளில் முடிவு கட்டியவர்தான் பின்னர் திருப்புகழைப் பாடினார். கதிர்காமத்தையும் திருகோணமலையையும் பாடினார். அன்று அவர் மனம் வழங்கிய தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பதை இன்றும் அவர் பாடல்களைப் பாடும் ஒவ்வோர் ஆலயமும் காட்டுகின்றது.

இது புராணக் காலத்துக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் தொகை 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவை எட்டியது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அதுவும் ஒன்று. 1995இலும் 1998இலும் அரசாங்கம் மிகக் கொடிய விவசாய நஞ்சு வகைகளைத் தடை செய்தது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்குள் அத்தொகை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. நாட்டில் கடனும் வறுமையும் குடும்பச் சச்சரவும் அக்காலத்தில் ஒழிந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமையால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. சாவைப் பற்றிய எண்ணம் எவ்வளவு வலிமையாக வந்தாலும் அதுவும் வந்துபோகும் எண்ணமே. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே சிறிது நேரம் கிடைத்தால் உயிர் தப்பிவிடுகின்றது. ஆகவே தோட்டத்துக்கும் மரக்கறிப் பயிருக்கும் வாங்கிய மருந்துகளை வீட்டுக்குள் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வைப்பதும், மனமுடைந்தவரைத் தனியே விடாமல் அருகில் இருப்பதும் பெரும் புண்ணியச் செயல்களாகும். "சாக வேண்டும் போல் இருக்கிறதா?" என்று அன்போடு நேரே கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. கேட்கப்பட்டவர் மனம் திறந்து அழுவதற்கு அது வழி செய்யும். அருணகிரியாரைத் தாங்கிய இறைவனின் கரம் அடுத்த வீட்டு அக்காவின் கரமாகவும் வரக்கூடும்.

ஆலயமும் வைத்தியசாலையும்

சில வேளைகளில் விலகி நின்று பார்க்கும் ஆற்றலையே நோய் பறித்துவிடும். உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, காரணமற்ற அழுகை, தாம் ஒரு பாரம் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அந்நிலையில் உள்ளவரிடம், "மனத்தைத் திடமாக வைத்துக்கொள்" என்று புத்தி சொல்வது, கால் முறிந்தவரை மலையேறச் சொல்வது போன்றது. சாவைப் பற்றிய எண்ணம் இருந்தால் இரண்டு வாரம் காத்திராமல் அன்றே உதவி நாட வேண்டும்.

பேய் பிடித்தது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அலைந்து, காசையும் காலத்தையும் இழந்த குடும்பங்கள் பல. திருநீறு பூசுவதும் அர்ச்சனை செய்வதும் மனத்துக்கு வலிமை தரும். வைத்தியரிடம் செல்வதற்கு அவை தடையல்ல. சர்க்கரை நோய்க்குக் குளிசை எடுக்கும் அடியார் பக்தியில் குறைந்தவர் அல்லர். மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பவரும் அவ்வாறே. கண்டி தேசிய வைத்தியசாலை உட்பட அரசாங்க வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். அந்த இலக்கத்தை வீட்டுச் சுவாமிப் படத்தின் அருகே எழுதி ஒட்டி வைப்பதும் நன்றே.

அன்பார்ந்த மெய்யடியார்களே, தேர் வீதியுலா வரும்போது மேளமும் வெடியும் ஆரவாரமும் சுற்றிலும் எழுகின்றன. வடம் பிடிப்போர் முன்னும் பின்னும் இழுபடுகின்றனர். தேரின் நடுவே அம்பாள் அசைவின்றி அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். ஒவ்வோர் உயிரின் உள்ளேயும் அத்தகைய அமைதியான இருக்கை ஒன்று உண்டு. எண்ணங்கள் வரட்டும், போகட்டும். எதைக் கேட்பது, எதை விடுப்பது என்பதை அந்த இருக்கையில் அமர்ந்து முடிவு செய்யும் தெளிவையும், தளர்ந்த வேளையில் பிறர் கையைப் பற்றிக்கொள்ளும் பணிவையும், தளர்ந்தவருக்குக் கை கொடுக்கும் அன்பையும் எல்லாம் வல்ல அம்பாள் அனைவருக்கும் அருள்வாளாக.

ஓம் சாந்தி! சாந்தி! சாந்தி!